அனுப்பியது அம்மா

முன்னறையில் கணினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அடுக்களையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த றோசாலி கத்தியை நிறுத்திக் காது கொடுத்தாள். மத்தியானம் கொட்டிய மழை விட்டு, கூரைத் தகரத்தின் விளிம்பிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அடுப்பில் ஈர விறகு சீறிச் சீறிப் புகைந்தது. மேட்டுத் தேயிலைக்குள் ஒரு நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டு, என்ன நினைத்ததோ, அடங்கிப்போனது. இத்தனைக்கும் நடுவே, கதவுத் திரைக்கு அந்தப் பக்கம், கணினிப் பெட்டிக்குள் இருக்கிற காற்றாடி மேடேறி வந்த ஆளைப் போல இரைத்துக்கொண்டிருந்தது. படம் நிறைந்த பெரிய புத்தகம் எதையாவது அச்சடிக்கக் கொடுத்தால்தான் அது அப்படி இரைக்கும். சும்மா கிடக்கிற மிஷினுக்கு என்ன வந்தது?

"யாரு அங்க?" என்று கேட்டே விட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கடைக் கதவை மழைக்கு முன்பே தாழ் போட்டாயிற்று. இந்த வீட்டில் அவளைத் தவிர யார் இருக்கிறார்கள், பதில் சொல்ல?

மடுல்சீமைத் தோட்டத்தில், கீழ்ப் பிரிவுத் தொழிலாளர் லயங்களைவிட்டுச் சற்றுத் தள்ளி, அவள் புருஷன் யாகோப்பு உயிரோடு இருந்த காலத்தில் கட்டிய வீடு அது. பின்னால் படுக்கிற அறையும் அடுக்களையும், முன்னறைதான் கொமினிகேஷன். போட்டோ கொப்பி, டைப்பிங், பிரின்ட், ரீலோட் எல்லாம் அங்கேதான். யாகோப்பு இருந்தபோது அந்த முன்னறை காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களம் மாதிரி எப்போதும் கலகலவென்று இருக்கும். பிறப்புப் பதிவுக்கு வந்தவன் பக்கத்திலிருப்பவனின் கல்யாணக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போவான். இப்போது யார் வருகிறார்கள்? எல்லோர் கையிலும் போன். பைலை மெசேஜில் தட்டிவிடுகிறார்கள். றோசாலி பிரின்ட் எடுத்துக் கவரில் போட்டு ஜன்னலில் வைக்கிறாள். ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்து எடுத்துப்போகிறான். ஒரு நாள் முழுக்க ஒரு மனிதக் குரல் கேட்காமல் விளக்கை அணைத்துப் படுத்த நாட்களும் உண்டு. ஒரே மகள் கேஷானி பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே போர்டிங்கில் இருக்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவே தினமும் போகிற மெசேஜ் ஒன்றுதான். 'சாப்டியா?' என்று இவள் கேட்பாள். 'சாப்டேன்மா' என்று அவள் சொல்வாள். அவ்வளவுதான் பேச்சு.

றோசாலி கையைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

முன்னறை மங்கலாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மிஸ்ட் இறங்கி, எதிரே இருக்க வேண்டிய சவுக்கு மரங்களைக் காணோம். சூடேறிய தூசியின் வாசனையும் இங்க் வாசனையும் ஈரச் சுவரின் பூஞ்சண வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. கணினித் திரை அணைந்துதான் கிடந்தது. ஆனால் அதன் தலையில் இருக்கிற கமராவுக்குப் பக்கத்தில், பச்சையாக, கடுகளவு ஒரு வெளிச்சம்.

அந்த வெளிச்சம் போன வாரத்திலிருந்து எரிகிறது. அதை அவள் பார்க்காமல் இல்லை. பழைய மிஷின், அதுவும் வயதாகிப் பிதற்றுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனிதருக்குப் பயம் வந்தால் முதலில் தேடுவது ஒரு சாக்குத்தானே.

போன வாரம் நடந்தது இதுதான். தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பைல் வந்தது. பெயர்: 'மரண அறிவித்தல்'. கூட ஒரு வரி: 'அவசரம்.' கடை திறந்த நாளிலிருந்து யாகோப்பு வைத்திருந்த ஒரு சட்டம் உண்டு. சாவு வேலைக்குக் கேள்வி கிடையாது. யார், எவர், காசு எப்போது என்று எதுவும் கேட்கக்கூடாது. சோற்றுக் கையோடு இருந்தாலும் எழுந்து வந்து அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் றோசாலி பைலைத் திறந்தாள். திறந்தால், பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமாகக் குழம்பிய கூழ். அதில் அவள் ஆச்சரியப்படவில்லை. பழைய பாமினி எழுத்தில் அடித்த தமிழ் இன்னொரு மிஷினில் திறந்தால் அப்படித்தான் கிடக்கும்; எதையாவது அழுத்தி, எழுத்துருவை மாற்றி, தமிழாக்கி எடுப்பது மலைநாட்டில் கொமினிகேஷன் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அன்றாடப் பிழைப்பு. அந்தக் கூழுக்கு நடுவே ஒரே ஒரு வரி மட்டும் நல்ல தமிழில் இருந்தது. 'தமிழ் எழுத்துத் தெரிய மேலே மஞ்சள் பட்டியில் உள்ளதை அழுத்தவும்.'

பதுளை பஜாரில் கணினி திருத்துகிற முன்ஸிப் தம்பி அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "அக்கா, தெரியாத ஆள் அனுப்பின பைல்ல மஞ்சள் பட்டி வந்தா, கையைக் கட்டிக்கிட்டு ஈங்க. அதை அமுக்கினா பைலுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு ஈக்கிறவனுக்கு நீங்களே கதவைத் தொறந்து விட்ட மாதிரி." அவன் சொன்னது அந்த நிமிடம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்களே! அவள் அழுத்தினாள்.

கூழ் மறைந்தது. தமிழ் வரவில்லை. வெறும் வெள்ளைப் பக்கம்.

அச்சடித்துத் தா என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. அந்த இலக்கத்துக்கு அழைத்தால் மணியே அடிக்கவில்லை. அதைவிட ஒன்று: அந்த வாரம் முழுக்க எந்தப் பிரிவிலும் சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்கவில்லை, கோயில் மணி அடிக்கவில்லை. தோட்டத்தில் யாரும் சாகவே இல்லை.

றோசாலி மேசை லாச்சிக்குள் துழாவி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை எடுத்துக் கமராக் கண்ணின் மேல் ஒட்டினாள். "பாத்துக்கிட்டு இரு இப்ப" என்று முணுமுணுத்தாள். சின்னச் சந்தோஷம். அது நீடிக்கவில்லை. அவள் மவுசைத் தொடாமலே திரை விழித்துக்கொண்டது.

மெசேஜ் ஜன்னல் திறந்திருந்தது. கடைக்கு வருகிற பைல்களுக்காக அதைக் கணினியிலும் எப்போதும் திறந்தே வைத்திருப்பாள். போனில் இருப்பது எல்லாம் அதிலும் தெரியும். திறந்திருந்தது கேஷானியின் பக்கம். அங்கே, காலையிலிருந்து, நீளமாக ஒரு பேச்சு நடந்திருந்தது.

றோசாலி அந்தப் பேச்சைப் பேசவில்லை. அவள் போன் ஒரு தரமும் அதிரவில்லை.

'சாப்டியா கண்ணு?' என்றுதான் அதுவும் தொடங்கியிருந்தது. அனுப்பியது அம்மா. 'இப்பதான்மா. நீங்க?' என்று மகள் கேட்டிருந்தாள். அதற்குக் கீழே, றோசாலி எப்படி எழுதுவாளோ அப்படியே, கமா போடாமல், அவள் சேர்க்கிற இடத்தில் சேர்த்து, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து:

'நீ போனதிலேருந்து ரெண்டு தட்டு கழுவி வைக்கிறேன் ஒண்ணுல சாப்பிடுறேன்.'

அது அவள் எழுதிய வரிதான். போன கிறிஸ்மஸ் முடிந்து கேஷானி பஸ் ஏறிப் போன அன்று, யாருக்கும் அனுப்புவதற்காக அல்ல, சும்மா ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டிய வரி. தட்டிவிட்டு, வெட்கப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சேமிக்கவில்லை. அப்படி எத்தனையோ சாயங்காலம் எழுதி எழுதி அழித்திருக்கிறாள். பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்கட்டும், தன் தனிமையை அவள் தலையில் கட்டக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழித்த வரிகள் எல்லாம் இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே கிடந்தன. 'ராவைக்கு வீடு ரொம்ப பெருசா இருக்கு.' 'உன் தலையணைய வெயில்ல போட்டேன்.' 'ஒரு தடவை வந்துட்டு போயேன்.'

மகள் எழுதியிருந்தாள்: 'அம்மா நீங்க இப்படியெல்லாம் சொல்லவே மாட்டீங்களே. எனக்கு அழுகையா வருது. கடையில நின்னு அழுதுகிட்டு இருக்கேன்.'

சொன்னால் வெட்கம், ஆனால் றோசாலிக்கு அந்தக் கணத்தில் வந்தது பயமல்ல, பொறாமை. இத்தனை சுலபமா இது? இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் பிள்ளை அழுதிருப்பாளா, வந்திருப்பாளா? நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை எவனோ ஒருவன் எனக்குப் பதிலாகச் சொல்லிவிட்டானே!

பிறகு அவள் கீழே படித்தாள்.

'இன்னைக்கே வா கண்ணு.' 'சரிம்மா லீவு கேட்டுட்டேன். பஸ் ஏறப்போறேன்.' 'மடுல்சீமை பஜார்ல இறங்காத. மேல் வளைவுல இறங்கி பிள்ளைக் காம்பரா குறுக்கால வா. நான் வந்து நிக்கிறேன்.' 'ஏறிட்டேன். பசறைக்கு மேல சிக்னல் இருக்காது. வளைவுல இறங்கி மெசேஜ் பண்றேன்.'

றோசாலி திரும்பிப் போனைத் தேடினாள்.

மேல் வளைவிலிருந்து, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவின் பின்பக்கமாக இந்த வீட்டுக்கு இறங்குகிற குறுக்குப் பாதை, முந்தைய வாரத்து மழையில் நடுவிலே அறுந்து போய்விட்டது. வீடு வாசல் இல்லாத இடம், யாருக்கும் சேதமில்லை, ஆகவே யாரும் பெரிதாகப் பேசவுமில்லை. ஆனால் பாதை இருந்த இடத்தில் இப்போது அந்தரம்தான். கீழே ஆற்றுப் பாறை. தோட்டத்து ஆபீஸ் கேட்டு, 'இப்பாதையில் செல்ல வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்ததே றோசாலிதான், இதே மிஷினில். மகளிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால், 'இனி அங்க இருக்காதீங்க, பதுளைக்கு வாங்க' என்று ஒற்றைக் காலில் நிற்பாள். யாகோப்பு கட்டின வீட்டை விட்டுப் போக வேண்டி வரும். வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மிஸ்ட் இறங்கிய சாயங்காலம். பழகிய பாதை. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஓடி வருவாள்.

போனை எடுத்து அழைத்தாள். அந்த இலக்கத்தை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்றது ஒரு பெண் குரல், மூன்று பாஷையிலும். மெசேஜ் தட்டினாள். 'குறுக்கால வராத. பாதை இடிஞ்சிருக்கு. அத எழுதினது நான் இல்ல.' அனுப்பினாள். ஒற்றைக் கோடு விழுந்தது. இன்னும் போய்ச் சேரவில்லை. பரவாயில்லை, சிக்னல் வந்ததும் சேரும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி மறைந்தது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.'

மறுபடி தட்டினாள். மறைந்தது. 'வராதே' என்று ஒற்றைச் சொல் அனுப்பினாள். மறைந்தது. குரலைப் பதிந்து அனுப்பினாள்: "பாப்பா, அம்மாதான் பேசறேன், பஸ்ல பஜாருக்கே போயிரு, கெஞ்சிக் கேக்கறேன்." அதுவும் மறைந்தது. அந்த இடத்தில், அனுப்பியது அம்மா என்று, இன்னொரு குரல் பதிவு வந்து உட்கார்ந்தது.

அதை அழுத்திக் கேட்டாள். மழைச் சத்தம். பிறகு அவளுடைய குரலே, அவள் தாலாட்டின காலத்துக் குழைவோடு: "பயப்படாம வா கண்ணு. நான் இங்கதான நிக்கிறேன்."

எழுதியதை எடுத்துக் கோர்த்தான் என்றால் புரிகிறது. அவள் சொல்லவே சொல்லாததை அவள் குரலில் யார் சொன்னது? கணினியின் காற்றாடி இரைப்பு இப்போது இன்னும் நெருக்கமாகக் கேட்டது.

முன்ஸிப்பை அழைத்தாள். கூரைக்கு மேலே யாகோப்பு கம்பில் கட்டிவிட்ட ஏரியலில்தான் அந்த வீட்டுக்கு இன்டர்நெட்டே. போனுக்கு உயிரும் அதுதான். நல்லவேளை, மணி அடித்தது. அவன் எடுத்தான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மஞ்சள் பட்டியை அமுக்கினீங்களா அக்கா?"

"சாவு வேலைன்னு இருந்திச்சு தம்பி. எப்பிடி தொறக்காம இருக்கிறது?"

"அல்லாஹ்வே. அப்பிடித்தான் அனுப்புவானுகள்." முன்ஸிப்பின் குரல் வேகமெடுத்தது. "இப்ப ஒங்கட மிஷினுக்குள்ள ஒருத்தன் ஈக்கிறான். நீங்க தட்டுறதெல்லாம் காண்றான். மொதல்ல போன்ல போயி, கணினிக்குக் குடுத்த தொடுப்பை வெட்டி விடுங்க. பொறகு ரவுட்டரைக் கழட்டுங்க. கடைசியா மிஷின்ட கரண்டைப் புடுங்குங்க."

"ரவுட்டரைக் கழட்டினா நான் புள்ளையோட எப்பிடி பேசறது?"

"நான் இங்கயிருந்து அவவுக்கு அடிச்சிக்கிட்டே ஈக்கிறேன். நம்பரைச் சொல்லுங்க."

சொன்னாள். பிறகு கேட்கவும் பயந்து, கேட்காமலும் இருக்க முடியாமல் கேட்டாள். "தம்பி, போன கிறிஸ்மஸ்ல நான் எழுதி அழிச்சதையும் அது எழுதுது. சேவ் பண்ணாதது. அந்த பைல் வந்தது போன வாரம்தானே?"



"அது ஏலாது அக்கா" என்றான் முன்ஸிப், குரல் இறங்கி. "நீங்க கரண்டைப் புடுங்குங்க. இப்பவே."

அவன் சொன்னபடி போனில் தேடி, கணினியின் தொடுப்பை வெட்டினாள். திரையில் கேஷானியின் பக்கம் மறைந்து, வெறும் கட்டம் ஒன்று வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது. அழுகையே வந்துவிட்டது. இனி என் பிள்ளைக்கு நான் எழுதலாம். 'கேஷா' என்று தட்டத் தொடங்கினாள்.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. கேஷானிக்கு எங்கேயோ வழியில் சிக்னல் தட்டியிருக்கிறது.

'என்னம்மா இத்தனை மெசேஜ் டிலீட் பண்ணியிருக்கீங்க?'

அவள் விரல் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் பதில் போய்விட்டது. அனுப்பியது அம்மா. 'கை தவறிடுச்சு கண்ணு.' இரண்டு கோடு. நீலம்.

ரவுட்டரின் வயரை இழுத்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மேசைக்கடியில் ஊர்ந்து போய்க் கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

இரைப்பு நிற்கவில்லை.

கையில் பிளக். வயர் தரையில். பெட்டி இருட்டு. இருந்தும் மேசைக்கு மேலே அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே. றோசாலி மேசைக்கடியில் முழங்காலில் குந்தியபடி அசையாமல் இருந்தாள். 'இயேசப்பா, இயேசப்பா' என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. மூச்சு மெதுவாக மேசையை விட்டு நகர்ந்தது. அறையைக் கடந்தது. ஜன்னல் பக்கம். பிறகு கேட்கவில்லை.

ஜில்லென்று கணுக்காலில் காற்றுப் பட்டது.

அவள் எழுந்து பார்த்தாள். தாழ் போட்டிருந்த கடைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. மிஸ்ட் வாசற்படி தாண்டி உள்ளே வந்திருந்தது.

இன்டர்நெட் செத்த போன் கையில் அதிர்ந்தது. அனுப்பியது அம்மா.

'கிளம்பிட்டேன் கண்ணு. ஏறி வந்துக்கிட்டே இருக்கேன்.'

செருப்பைக்கூடத் தேடாமல் றோசாலி ஓடினாள். பஜார் வழியாகச் சுற்றிப்போனால் வளைவுக்கு ஒரு மணித்தியாலம் ஆகும். நேரே குறுக்கில் ஏறினால் அறுந்த இடம் வரைக்கும் போகலாம், இந்தக் கரையிலிருந்து கத்தலாம். கத்தினால் கேட்கும். தாய் கத்தினால் பிள்ளைக்குக் கேட்காதா? தேயிலைச் செடிகள் இடுப்பில் உரசி நனைத்தன. கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலைக் கிழித்தன. படிக்கற்கள் பாசி பிடித்து வழுக்கின. மிஸ்டுக்குள் தன் மூச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அது தன் மூச்சுத்தான் என்று சொல்லிச் சொல்லி ஏறினாள்.

மேலே எங்கேயோ பஸ் ஹோர்ன். பிரேக் பிடிக்கிற கிரீச்சல். மறுபடி கிளம்பிப் போகிற உறுமல்.

போன் அதிர்ந்தது. 'இறங்கிட்டேன்மா.'

"இல்ல. இல்ல. இல்ல." நான்கு காலில் ஏறினாள். நகத்துக்குள் மண். பச்சை மண் வாசனை வந்தது, அறுத்துப் போட்ட இறைச்சி மாதிரி, ஈரமாக, கனமாக. அவள் நின்றாள். காலடியில் பாதை முடிந்துபோயிருந்தது. கீழே கண் எட்டாத வெள்ளை. அதற்கும் கீழே ஆற்றுச் சத்தம். அவள் அடித்துக் கொடுத்த கடதாசி, மழையில் கரைந்து, ஒரு குச்சியில் வெறும் வெள்ளைத் துண்டாகத் தொங்கியது. எதிர்க் கரை தெரியவில்லை. அங்கே, பிள்ளைக் காம்பரா இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் ஆடி ஆடி இறங்கி வந்துகொண்டிருந்தது. போன் வெளிச்சம். கேஷானி.

றோசாலி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, உயிரைத் திரட்டிக் கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

வாய் திறந்திருந்தது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. காற்று போனது. குரல் இல்லை. இன்னொரு தரம் கத்தினாள். அவளுடைய குரல் கேட்டது. தொண்டையிலிருந்து அல்ல. முன்னாலிருந்து. அந்தரத்தின் நடுவிலிருந்து.

"வா கண்ணு."

வெளிச்சம் நின்றது. "அம்மா?" என்று மகளின் குரல், மேலே, சந்தோஷமாக.

"இங்கதான்டி. நேரா வா."

றோசாலி கல்லைப் பொறுக்கி எறிந்தாள். வெள்ளைக்குள் விழுந்து மறைந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று வீசினாள். போன் சேற்றில் விழுந்து, அங்கே கிடந்தபடியே ஒளிர்ந்தது.

'தெரியுறீங்கம்மா. கைய காட்டினது போதும் வலிக்கப் போகுது. வர்றேன்.'

காற்று ஒன்று பள்ளத்திலிருந்து எழும்பி மிஸ்டைக் கிழித்தது. மண் அறுந்த செங்குத்துச் சுவர்கள் இரண்டு பக்கமும் தெரிந்தன. நடுவிலே, கால் வைக்க ஒன்றும் இல்லாத இடத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். றோசாலி உடுத்தியிருந்த அதே நீலப் பூப்போட்ட கவுன், சேறு படாமல். அவிழ்ந்து தொங்குகிற அதே கொண்டை. மேடேறி வந்த இரைப்பில் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வலது கையை உயர்த்தி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்பால், எதிர்க் கரையின் விளிம்பில், அந்தச் சின்ன வெளிச்சம் அவளை நோக்கி ஓடத் தொடங்கியது.